பதினேழு கட்டுக் கீரை

கிளாக்கர் பளீலை விவசாயியாக்கியது அரசாங்கம்தான். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை என்று நாடு கையை விரித்த அந்த 2022இல், அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வரத் தேவையில்லை, வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம் என்றொரு சுற்றறிக்கை வந்தது. முப்பத்தொரு வருடச் சேவையில் பளீல் வரிக்கு வரி நிறைவேற்றிய சுற்றறிக்கை அது ஒன்றுதான்.

மருதமுனைக் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, மதிலுக்குள்ளே பின்வளவில் ஆறு பாத்தி போட்டார். மண்வெட்டி பிடித்த முதல் நாளே உள்ளங்கையில் நான்கு கொப்புளம். அவற்றை வீடு வீடாகப் போய்க் காட்டினார். மண்ணும் வெறும் கடல்மணல்தான். சாணமும் மீன்கழிவும் கொட்டி, பொன்னாங்காணியும் பசளியும் கங்குனும் வைத்தார். நட்டவர் யாரென்று கீரைக்குத் தெரியாது போலும், செழித்து வளர்ந்தது.

வளர்ந்தது என்றால் நிற்கவில்லை. மனைவி நஸீறா காலையில் சுண்டல் போட்டாள், பகலில் பால்கறி வைத்தாள், இரவில் றொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தாள். அயலுக்குப் பங்கிட்டாள். கீரைக்கூடையுடன் நஸீறா வருவதைக் கண்டால் அயல் கதவைச் சாத்தத் தொடங்கியது.

"உம்மா, இதப் போட்டு வெச்சா மாசக்கணக்கில இரிக்குமாம்" என்று மகள் றிப்னா கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கொதிக்கும் தண்ணீரில் கீரையை இரண்டு நிமிடம் முக்க வேண்டும். உடனே எடுத்து ஐஸ்தண்ணீரில் போட வேண்டும். பிழிந்து, பையில் கட்டி, பிரிசரில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கரண்டே இல்லாத ஊர்ல பிரிசர்ல வெச்சி?" என்றார் பளீல்.

"கரண்ட் வாற நேரம் உறையும். போற நேரம் பொறுக்கும்" என்றாள் நஸீறா. "உங்களப் போலதான்."

றிப்னா சிரித்தாள். பளீலும் சிரித்தார். ஆனால் அந்த வீடியோவை மகள் ஏன் உம்மாவுக்குக் காட்டுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். தான் போன பிறகு இரண்டு பேருக்கு ஆறு பாத்திக் கீரை மிதமிஞ்சிப் போகும் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

இந்தக் கரையில் மகன்தான் வீட்டை விட்டுப் போவான். மகள் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். பளீலே அப்படி சாய்ந்தமருதிலிருந்து வந்தவர்தான். நஸீறாவின் இந்த வீட்டை இடித்துக் கட்டி, மேலே ஒரு தட்டும் எழுப்பி, மகளின் பெயருக்கு எழுதி, கலியாணமும் முடித்து வைத்தார். மருமகன் ஷிப்லி பதினொரு நாள் வந்து இருந்தான். பிறகு தோஹாவுக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து மனைவிக்கு விசா அனுப்பினான். வீட்டுக்கு வர வேண்டிய மாப்பிள்ளை, வீட்டுக்காரியையே கூப்பிட்டுவிட்டான். கடவுச்சீட்டு எடுக்க நாடே வரிசையில் நின்ற காலம் அது. பளீலைத் தவிர வேறு யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

ஆகவே, ஒரு வியாழக்கிழமை அவர் வெட்கங்கெட்ட ஒரு காரியம் செய்தார்.

தண்ணி ஓதுவது, நூல் கட்டுவது என்று யாராவது தேநீர்க் கடையில் வாய் திறந்தால், முதலில் பகிடி பண்ணுகிற ஆள் பளீல். அந்தப் பளீல் கந்தோர் விட்டதும் சைக்கிளை எடுத்து, கிட்டங்கி ஆற்றைக் கடந்து, சவளக்கடைக்கு மிதித்தார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சொல்வதற்கு, விதை வாங்கப் போவதாக ஒரு பொய்யையும் தயார் பண்ணி வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அங்கே மீராசா என்றொரு ஆள். தாடி நரைத்த பெரியவரை எதிர்பார்த்துப் போனவருக்கு, நாற்பது வயதில், உதைபந்தாட்டச் சட்டை போட்டு, கையெல்லாம் கிறீஸுடன் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்தான் கிடைத்தார்.

"என்னத்துக்கு ஓதணும் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஒராள் வீட்ட விட்டுப் போகாம இரிக்கணும்."

"மாடா, மனிசனா?"

"என்ன?"

"இஞ்ச வாற ஆக்கள் கூடுதலா மாட்டுக்குத்தான் வாற. பட்டியில நிக்காத மாடு."

"மனிசன்" என்றார் பளீல். "கூட்டாளி ஒராள்ட மகள்."

மீராசா கையைக் கழுவி, தொழுகைக்குப்போல வுழூச் செய்துகொண்டு வந்தார். பளீல் கொண்டுபோன சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, நெடுநேரம் ஓதினார். முடிந்ததும் அதைப் பளீலின் கையில் வைத்தார். மூடவில்லை.

"நான் ஓதினது அல்லாஹ்ட கலாம். அதுல கட்டும் இல்ல, அவிழ்ப்பும் இல்ல. கட்டு இரிக்கிறது உங்கட நிய்யத்துல. போத்தலப் புடிச்சிட்டு என்னத்த நினைக்கீங்களோ அதுதான் உள்ளுக்குப் போகும். யோசிச்சி நினைங்க. உங்கட கூட்டாளிக்காக."

பளீல் கண்ணை மூடினார். றிப்னா சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைக்கத்தான் தொடங்கினார். அந்த நினைப்பு பாதி வழியில் நழுவியது. போகக் கூடாது. என்ட மகள் கேற்றைத் தாண்டக் கூடாது. தொழுகையில்கூட அவருக்கு அப்படி மனம் ஒருமித்ததில்லை. கண்ணைத் திறந்தபோது, ஆவணி மாத வெயிலில் போத்தல் கையில் குளிர்ந்துபோய் இருந்தது.

"ஒராளே குடிக்கணும்" என்றார் மீராசா. "ஒரு சொட்டு மிஞ்சாம."

போத்தலை வீட்டில் எங்கே ஒளிப்பது? பிரிசரின் அடியில், பாரைமீன் துண்டுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். சனிக்கிழமை காலையில் றிப்னாவின் தேநீரைத் தானே ஊற்றிக் கொடுப்பது அவருடைய திட்டம். முப்பது வருடத்தில் ஒரு தேநீர் ஊற்றாத மனிசன் இந்தத் திட்டத்தில் எதுவும் சந்தேகம் வராது என்று நம்பினார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தபோது குசினியிலிருந்து கீரை வெந்த வாசம் வந்தது. நஸீறா பேசனுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நெசவு வீடொன்றில் வாங்கி வந்த சிவப்புக் கழிவுநூலால் கீரையைப் பிடி பிடியாகக் கட்டி, நூல் நுனியைப் பிடித்துக் கொதிதண்ணீரில் இறக்கி, எடுத்து, பேசனில் போட்டுக்கொண்டிருந்தாள். பேசனில் ஐஸ் மிதந்தது. பக்கத்தில் நடுவால் வெட்டிய ஒரு சோடாப் போத்தல் கிடந்தது.

"ஐஸ் போதாமப் போயிட்டு" என்றாள். "உள்ளுக்கு ஒரு போத்தல் உறைஞ்சி கிடந்த. வெட்டிப் போட்டுட்டன். நல்ல காலம்."

பளீல் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"ஏன், அது உங்கடயா?"

"இல்ல" என்றார். "தண்ணிதானே."

பதினேழு கட்டு. அவரும் எண்ணினார். அப்படியொரு பச்சையை அவர் தேர்தல் காலத்துக் கொடிகளில்தான் கண்டிருந்தார். கடைசிக் கட்டையும் எடுத்துப் பிழியப் போனவள் கையை நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்க. பேசன்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

பேசன் காய்ந்திருந்தது. அவள் ஒரு கட்டைப் பிழிந்தாள். அதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கீரை எல்லாவற்றையும் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணித்தியாலம் கரண்ட் போனது. பாரைமீன் கரைந்து குழைந்தது. கீரைக்கட்டுகளில் நீர் கோர்க்கவில்லை. ஒரு பை மட்டும் கிழிந்திருந்ததால், அந்தக் கட்டைப் பழஞ்சோற்றோடு பிசைந்து மதிலில் வைத்தாள் நஸீறா. காகங்கள் வந்து தின்றன. தின்ற காகங்கள் போகவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் பளீல் கந்தோரால் வந்தபோது, மதிலில் பதினொரு காகம் வரிசையாக இருந்தன. ஒன்றும் கரையவில்லை. எல்லாம் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தன. கையைத் தட்டினார். கல்லை எடுத்து ஓங்கினார். ஒரு காகம் சிறகை விரித்து, மதிலுக்கு அப்பால் சாய்ந்தது. காற்றில் எதிலோ முட்டுப்பட்டதுபோல நின்றது. திரும்ப வந்து தன் இடத்தில் இருந்துகொண்டது. அதன் கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது.

மறுநாள் விடியலில் சுபஹ் பாங்கு சொன்னதும் பதினொன்றும் ஒரேயடியாகக் கிளம்பின. அந்த வளவில் பிறகு காகம் இறங்கவில்லை.

அதை வெயில் சூட்டால் வந்தது என்று சொல்லி மறந்திருப்பார் பளீல். மறக்க முடியாதபடி அடுத்த வெள்ளிக்கிழமை மஜீட் வந்தார்.

மஜீட் பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டுகிறவர். பெற்றோல் இல்லாததால் ஓட்டோ நின்றது. வாய் மட்டும் ஓடியது. றிப்னா பயணம் சொல்லிக்கொள்ள மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். ஜும்ஆ முடிந்து பளீலோடு கதைத்தபடியே வந்த மஜீட்டை நஸீறா சோற்றுக்கு இருத்திவிட்டாள். பிரிசரிலிருந்து இரண்டு கட்டு எடுத்து, தேங்காய்ப்பூவும் மாசிக்கருவாடும் போட்டுக் கிண்டிய பொன்னாங்காணிச் சுண்டல். பளீல், வயிறு சரியில்லை என்று தொடவில்லை.

"அரசாங்கம் உங்களுக்கு லீவு தந்தது எங்களக் கீரை போட்டுக் கொல்லத்தான்" என்று சொல்லிச் சொல்லி மஜீட் மூன்று முறை போட்டுத் தின்றார். கை கழுவினார். "அப்ப வாறன் காக்கா."

கேற்றடிக்குப் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"தண்ணி ஒரு மிடறு தாங்க."

குடித்தார். போனார். திரும்பி வந்தார்.

"பெற்றோல் லைன் இண்டைக்கு எத்தின மணிக்காம்?"

"எனக்கு எங்க தெரியும்?"

"ஓம், உங்கிட்ட சைக்கிள்தானே" என்று போனார். மூன்றாவது முறை அவர் திரும்பி வரவில்லை. கேற்றடியிலேயே நின்றார். வலது கால் நிலைப்படிக்கு மேலே தூக்கியபடி இருந்தது. வயலில் நிற்கும் கொக்கைப்போல. பளீலுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன மஜீட், காலால அளக்கிறீங்களா?"

"சிரிக்காதீங்க காக்கா." பிடரியில் வியர்வை ஓடியது. "கால் கீழ வருதில்ல."

"வெய்யுங்க."

"வெக்கன். மண்ணு இரிக்கி. கால் இரிக்கி. நடுவுல என்னமோ இரிக்கி."

அப்போதுதான் மஜீட்டின் மகள் அம்ஹா ஒழுங்கையால் ஓடி வந்தாள். ஆறு வயது. "வாப்பா, உம்மா கூப்பிடுற" என்று கேற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டினாள். மஜீட்டும் கையை நீட்டினார். விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் இடையே ஒரு சாண். அவள் எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. விளையாட்டு என்று நினைத்து இன்னும் இழுத்தாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையை விட்டாள். வாய் கோணியது.

"நீ போ மகள்" என்றார் மஜீட். "வாப்பா வாறன். வாறன்தானே."

அந்தக் குரலைப் பளீல் அதற்கு முன் கேட்டதில்லை. ஊரிலேயே பெரிய வாயன் அன்று மஃரிபுக்கும் இஷாவுக்கும் பளீலின் விறாந்தையில் தொழுதார். அங்கேயே சாய்ந்து கிடந்தார். விடியலில் சுபஹ் பாங்கு சொன்னதும் எழும்பிப் போனார். ஸலாம்கூடச் சொல்லவில்லை. பிறகு அதைச் சுகர் என்று ஊருக்கு அறிவித்து, நரம்புக்குக் குளிசை எடுத்துக்கொண்டார்.

நஸீறாவும்தான் அந்தச் சுண்டலைத் தின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பளீல் யோசித்தார். ஆகியிருக்கலாம். அன்று அவள் கேற்றைத் தாண்டவேயில்லை. அவள் எங்கேயாவது போய்வந்து எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கியவர், எண்ணி முடிக்க விரும்பாமல் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் நின்று மீராசாவுக்குக் கோல் எடுத்தார். நடந்ததைச் சொன்னார். மறுபக்கத்தில் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"கூட்டாளிட வீட்டில இவ்வளவு கீரையா காக்கா?"

"என்ட வீடுதான்" என்றார் பளீல். "என்ட மகள்தான்."

"ம்." "ஒராள் குடிக்க வேண்டியது பதினேழாப் பிரிஞ்சிட்டு. அதான் ஒரு கட்டுக்கு ஒரு நாளோட விடுது. முழுக்க அவ குடிச்சிருந்தா..."

"குடிச்சிருந்தா?"

"குடிக்கல்லதானே. விடுங்க."

"மிச்சத்த என்ன செய்ய?"

"ஓதினது. குப்பையில போட ஏலா. மண்ணுக்குக் குடுங்க. இல்லாட்டிக் கடலுக்கு."

"எல்லாத்தையும் ஒராள் திண்டா? பதினாலு கட்டு இரிக்கி. பதினாலு நாள்தானே?"

மீராசா யோசித்தார். "அது கூட்டலா பெருக்கலா எண்டு எனக்குத் தெரியா காக்கா. நான் அஞ்சாம் வகுப்பு."

அன்றே ஒரு கட்டைப் பின்வளவில், பொன்னாங்காணிப் பாத்தியின் ஓரத்தில் புதைத்தார். பிஸ்மி சொல்லி மண்ணைத் தள்ளினார். ஞாயிறு காலை முன்பக்கம் போனவர் கேற்றடியில் நின்றுவிட்டார். பின்வளவிலிருந்து பொன்னாங்காணித் தண்டொன்று, விரல் தடிப்பில், வீட்டுச் சுவரோரமாக வளைந்து வந்து கேற்றின் கொண்டியைச் சுற்றியிருந்தது. மூன்று சுற்று. நுனியில் ஒரு துண்டுச் சிவப்பு நூல். காற்றில்லை, ஆனாலும் இலையெல்லாம் வீட்டு வாசல் பக்கம் திரும்பியிருந்தன.

பொன்னாங்காணி நிலத்தில் படரும். கொடிபோல் எதையும் சுற்றாது. இந்த மூன்று மாத விவசாயிக்கே அது தெரியும். கத்தி எடுத்து வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து பிரிசரைத் திறந்ததுபோல் குளிர் அடித்தது.

அப்போ கடல். கைக்கெட்டிய தூரத்தில்தான் இரைந்தது. பதின்மூன்று கட்டையும் பையில் போட்டுக்கொண்டு கரைவரைக்கும் போனார். அலை வந்தது, போனது. போகிறதே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்த ஊர் அதன் பக்கத்தில் படுத்து உறங்குகிறது. ஒருமுறை அது எழும்பி ஊருக்குள் வந்ததைப் பளீல் கண்டிருக்கிறார். இதைத் தின்றுவிட்டு அது ஒரு நாள், ஒரேயொரு நாள், வீட்டுக்குள் வந்து போகாமல் இருந்துவிட்டால்? பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மீண்டும் பிரிசரில் அடுக்கினார்.

றிப்னாவின் பயணம் மறுநாள். அவள் போனபின், நாளுக்கொன்றாகத் தானே அந்தியில் தின்றால் விடியலில் விடும். பதின்மூன்று நாளில் கதை முடியும். கிளாக்கர் மூளைக்கு அது நல்ல தீர்வாகத்தான் பட்டது. நஸீறாவிடம், அந்தக் கீரையைத் தொடவேண்டாம், பழுதாகிவிட்டது என்றார். நஸீறா தலையாட்டினாள். முப்பது வருடமாக அவள் அப்படித்தான் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள் என்பதை அவர் மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை அரைநாள் லீவில் வந்தார். அஸருக்குப் பிறகு கொழும்புக்கு வேன். விறாந்தையில் இரண்டு பயணப்பெட்டி. நடுவறையில் பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தாள் நஸீறா. மூன்று பேரும் ஒரே தட்டில் தின்பதற்குச் சோறு குவித்து, கோழிக்கறி ஊற்றி, உச்சியில் பச்சைப் பசேலென்று ஒரு மலை.

"பழுதெண்டீங்க? இண்டைக்குப் புடுங்கின மாதிரி இரிக்கி" என்றாள். "பதின்மூண்டையும் கிண்டிட்டன். இதுல அரைவாசி. மிச்சம் வேனுக்குள்ள தின்ன டப்பால போட்டிரிக்கன். அங்க போனா இவளுக்கு ஆரு இலக்கறி குடுக்கப்போறா?"

றிப்னா ஏற்கனவே உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டைப் பின்னே தள்ளி, கையை நனைத்து, "வாப்பா, இரிங்க. நேரம் போகுது" என்றாள்.

பளீல் உட்கார்ந்தார்.

இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். மகள் தின்பாள். வேன் வரும். அவள் கேற்றடிக்குப் போவாள், திரும்பி வருவாள், தண்ணீர் கேட்பாள். விமானம் போய்விடும். ஷிப்லி கத்துவான். விசாவுக்குத் தவணை இருக்கிறது. திரும்ப எடுப்பது குதிரைக்கொம்பு. தட்டெழுப்பிய வீட்டில் மகள் இருப்பாள். ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லமாட்டார்கள். மஜீட்டே, சுகர் என்பார்.

றிப்னா பிஸ்மி சொன்னாள். கீரையோடு முதல் பிடியைக் குழைத்தாள். அவளுடைய வலது கால் பாயில் மடிந்திருந்தது. வெளுத்த பாதம். அதைப் பளீல் பார்த்தார். அது நிலைப்படிக்கு மேலே தூக்கியபடி நிற்பதைப் பார்த்தார். மண் இருக்கிறது, கால் இருக்கிறது, நடுவில் வாப்பா இருக்கிறார்.

சஹனில் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் தின்னவேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. றிப்னாவுக்கு மூன்று வயதில், அவளுடைய சின்ன விரலைத் தட்டித் தட்டி அதைப் பழக்கியவர் பளீல்தான். அவர் எட்டி, மகளின் கையிலிருந்த பிடியைப் பறித்துத் தன் வாயில் போட்டார்.

"வாப்பா!"

இரண்டு கையாலும் மலையைத் தன் பக்கம் இழுத்தார். மகளின் பக்கம், மனைவியின் பக்கம், நடுவில். மென்றார், விழுங்கினார். குளிர்ந்த இரும்பைத் தின்பதுபோல் இருந்தது.

"உங்களுக்குப் பைத்தியமா? புள்ளட வாயில இரிக்கிறத..." என்றாள் நஸீறா.

"நல்ல ருசி" என்றார் வாய் நிறைய. "கோழியத் தின்னு மகள். கோழி நல்லம்."

"மூண்டு மாசமா இலக்கறி எண்டாலே முகத்தச் சுழிச்ச மனிசன்!"

"போற நேரத்திலதான் அருமை தெரியும்" என்றார்.

றிப்னா முதலில் சிரித்தாள். பிறகு வாப்பாவின் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் பக்கம் சோற்றில் ஒட்டியிருந்த இரண்டு இலையையும் பொறுக்கி எடுத்து, அவர் பக்கம் தள்ளிவைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு இலையைத்தான் அவரால் விழுங்க முடியாமல் இருந்தது.

தின்று எழும்பிக் குசினிக்குப் போனார். டப்பாவைத் திறந்து நின்றநிலையில் அதையும் முடித்தார். பதின்மூன்று கட்டு. கடைசியில் பல்லிடுக்கில் ஒரு நூல் சிக்கியது. சிவப்பு. அதையும் விழுங்கினார்.

வேன் வந்து ஹோர்ன் அடித்தது. பெட்டிகள் ஏறின. விமான நிலையம்வரை போவதற்கு நஸீறா அபாயா போட்டுக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள்.

"வாப்பா, ஏறுங்க."

"எனக்கு ஏலா மகள். வயிறு."

"பதின்மூண்டு பேர்ட கீரையத் திண்டா வயிறு என்ன செய்யும்!" என்று வேனுக்குள்ளிருந்து நஸீறா கத்தினாள்.

றிப்னா இறங்கி கேற்றடிக்கு வந்தாள். அவர் உள்ளே, அவள் வெளியே. பளீல் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். மஜீட் சொன்னது சரிதான். நடுவில் என்னவோ இருந்தது. அது கல்லைப்போல இல்லை. யாரோ நெஞ்சில் மெதுவாகக் கைவைத்து, இரிங்களன், இன்னும் கொஞ்சம் இரிங்களன் என்று சொல்வதுபோல் இருந்தது. அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அது அவருடைய குரல்தான்.

காலை இறக்கி, பின்னால் வைத்தார். றிப்னா உள்ளே வந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு போனாள். நிலைப்படியில் அவளுடைய வலது கால் தூக்கியது, இறங்கியது. இடது கால் தூக்கியது, இறங்கியது. புதுச் செருப்பு மண்ணில் சத்தம் போட்டது. தன் வாழ்நாளில் பளீல் மூச்சடக்கிப் பார்த்த நடை இரண்டுதான். மற்றது, அவள் ஒரு வயதில் கதிரையைப் பிடிக்காமல் நடந்தது.

நஸீறா மறுநாள் பகல் திரும்பி வந்தாள். கணவர் விறாந்தைக் கதிரையில் இருப்பதைக் கண்டாள். கடைக்குப் போய் வரச் சொன்னாள். அவர் கேற்றடிவரை போய்த் திரும்பி வந்தார். மூன்று முறை. அவள் அபாயாவைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் போத்தலுக்குள்ள என்ன இருந்திச்சி?"

அவர் சொன்னார். ஒன்றும் மறைக்கவில்லை. அவள் ஒழுங்கையைப் பார்த்தாள்.

"அவள இருத்த ஏலாமப் போன வீட்டில" என்றாள், "நீங்க இரிங்க." பையை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போனாள்.

பதின்மூன்று நாள் முடிந்த விடியலில் பளீல் சுபஹ் பாங்கைக் கேட்டபடி கேற்றடியில் நின்றார். பாங்கு முடிந்தது. கால் இறங்கவில்லை. அது கூட்டல் இல்லை என்று தெரிந்தது.

மருத்துவ லீவு எழுதிக் கொடுத்தார். ஜும்ஆ போகாத வெள்ளிக்கிழமைகள் அவரை அறுத்தன. பள்ளி ஒலிபெருக்கியின் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு, குத்பாப் பிரசங்கத்தைக் கேட்டு அழுதார். மற்ற நாட்களில் தோட்டம். நஸீறா சந்தைக்குப் போனாள், வங்கிக்குப் போனாள், பெற்றோல் லைனில் மஜீட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். கல்முனை பஸாரில் யார் யாரோடு சண்டை என்பதையெல்லாம் கொண்டுவந்து அவருக்குச் சொன்னாள். வெளியே போய்வந்த முகம் எப்படி இருக்கும் என்று முப்பது வருடத்துக்குப் பிறகு பளீல் அவளிடம் கண்டார். அது அழகாக இருந்தது.

நாற்பத்திரண்டாவது நாள் றிப்னா வீடியோ கோலில் வந்தாள். தோஹாவில் ஒரு சின்னப் பல்கனி. ஒரு வாளியில் பொன்னாங்காணி நட்டிருந்தாள். கடையில் வாங்கிய தண்டாம்.

"வாப்பா, தோட்டத்தக் காட்டுங்க." அவர் கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "வரக்குள்ள உங்களுக்கு என்ன கொண்டு வாற?"

"செருப்பு மட்டும் வேணா" என்றார் பளீல். "இரிக்கிற செருப்பே தேயிறல்ல."

அவள் சிரித்தாள். பிறகு அவருடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

"கேற் திறந்து கிடக்கு வாப்பா. மாடு வந்திடும்."

பளீல் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு நாளாக அதைச் சாத்தவில்லை. கொண்டியைச் சுற்றி, காற்றில்லாத பகலில், ஒரு புதுத் துளிர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் அவர் அதைக் கிள்ளிக் களைவார். ஒவ்வொரு காலையும் அது வந்திருக்கும்.

"ஓம் மகள்" என்றார். "திறந்துதான் கிடக்கு."